உறவுகோல் நட்டவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

‘உங்கள் மனம் எதில் லயிக்கிறது?’ என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்கள் கிரிக்கெட்டில் தொடங்கினாலும், சினிமாவில் தொடங்கினாலும், சங்கீதத்தில் தொடங்கினாலும், பெரும்பாலும் கடவுளிடம்தான் வந்து நின்றன. ஆகவே இந்த இதழின் பகுதியை அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்ப்பெயர்களை மட்டும் தருகிறோம்.

ஒரு தாய், மன்னார்குடி

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. தன் அபிமான நடிகரின் படம் வெளியானால் முதல் நாள் முதல் காட்சிக்குப் போய், கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்துவிட்டு, தொண்டை கட்டிப்போய் வீடு திரும்புகிறான். ராஜகோபாலன் எங்கள் தெரு வழியாகப் புறப்பாடு வந்தால்கூட வாசலுக்கு வருவதில்லை. இந்த வெறியில் பத்தில் ஒரு பங்கு பெருமாளிடம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இவனை எப்படித் திருத்துவது?

பதில்: பங்குனித் திருவிழாவில் வெண்ணெய்த்தாழி அன்று, தொன்னையில் வெண்ணெய் வாங்கி, தவழும் கண்ணனாக வரும் ராஜகோபாலன் மேல் வீசி, அது அவன் மேல் பட்டதா என்று எட்டிப் பார்த்து மகிழும் ஊர் உங்களுடையது. கட்-அவுட்டின் மேல் பால் ஊற்றும் இளைஞனின் மனம் மற்ற ஊர்க்காரர்களுக்கு விளங்காமல் போகலாம். மன்னார்குடித் தாய்க்கு விளங்காமல் போக நியாயமில்லை. விரும்பும் ஒருவருக்குத் தன் கையால் ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற தவிப்புதான் இரண்டு இடங்களிலும் இருக்கிறது.

திருவாரூர்ப் பெருமானிடம் மனத்தைப் பறிகொடுத்த ஒரு பெண்ணைப் பற்றி அப்பர் பாடிய திருத்தாண்டகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ‘முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள், மூர்த்தி அவனிருக்கும் வண்ணம் கேட்டாள், பின்னை அவனுடைய ஆரூர் கேட்டாள், பெயர்த்தும் அவனுக்கே பிச்சி ஆனாள்’ என்று அது படிப்படியாக ஏறுகிறது. முதலில் பெயர், அடுத்து தோற்றம், அதற்கடுத்து ஊர், பிறகு பித்து. உங்கள் மகனும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் ரசிகனாகியிருப்பான். ஆனால் அப்பரின் பாட்டு அங்கே நின்றுவிடவில்லை. அந்தப் பெண் ‘தன்னை மறந்தாள், தன் நாமம் கெட்டாள், தலைப்பட்டாள் நங்கை தலைவன் தாளே’ என்று தலைவனை அடைவதில் முடிகிறது. ரசிகனுடைய பித்துக்கு இந்தக் கடைசி அடி கிடையாது. அவன் எத்தனை ஆண்டுகள் தொண்டை கிழியக் கத்தினாலும் அந்த நடிகருக்கு இவன் பெயர் தெரியப்போவதில்லை. இதை அவனும் உள்ளூர அறிந்தே இருப்பான். நீங்கள் எடுத்துச் சொல்லி அவன் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அன்று.

கும்பகோணத்துக்கு அருகே திருமண்டங்குடியில் பிறந்த விப்பிரநாராயணர், அரங்கனுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தவர், தேவதேவி என்ற பெண்ணிடம் எல்லாவற்றையும் இழந்து நின்றதாகக் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. பிற்காலத்தில் தொண்டரடிப்பொடி ஆழ்வாராக, ‘இச்சுவை தவிர யான் போய் இந்திரலோகம் ஆளும் அச்சுவை பெறினும் வேண்டேன்’ என்று பாடியவரும் அவரே. ஓரிடத்தில் முழு மனத்தோடு விழத் தெரிந்தவருக்கு இன்னோரிடத்திலும் அப்படி விழத் தெரியும். எதிலும் ஒட்டாமல், எல்லாவற்றையும் கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பெற்றவர்களைவிட நீங்கள் நல்ல நிலையில்தான் இருக்கிறீர்கள். கட்-அவுட்டின் மேல் ஏறுவதை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். பெருமாள் விஷயத்தில் ஒப்பிட்டுக் குத்திக்காட்டாமல் விட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்றவர், திருவாரூர்

கேள்வி: எனக்கு 68 வயது. 40 ஆண்டுகளுக்கு மேலாக நாள் தவறாமல் பூஜை செய்கிறேன். சாயரட்சைக்குத் தியாகராஜர் கோயிலுக்குப் போகிறேன். ஓதுவார் தேவாரம் பாடும்போது பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணீர் வடிக்கிறார்கள். எனக்கு ஒரு துளியும் வருவதில்லை. இளமையில் இருந்த உருக்கம் எங்கே போயிற்று என்றும் தெரியவில்லை. என் பக்தி செத்துவிட்டதா?

பதில்: இந்த மாதம் வந்தவற்றில் நான் அதிக நேரம் கையில் வைத்திருந்தது உங்கள் கடிதத்தைத்தான். செத்துப்போன ஒன்றைப் பற்றி யாரும் இவ்வளவு கவலைப்பட்டு நான்கு பக்கம் எழுத மாட்டார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கண்ணீர் பெரும்பாலும் அவரவர் உடல்வாகு. கல்யாண வீட்டில் மாங்கல்யதாரணத்தின்போது அழுபவர்களும் உண்டு. பெற்ற மகளை அனுப்பிவைக்கும்போதுகூட முகம் இறுகி நிற்பவர்களும் உண்டு. இதை வைத்து யாருக்குப் பாசம் அதிகம் என்று நாம் தீர்ப்புச் சொல்வதில்லை. கோயிலுக்குள் வந்தால் மட்டும் ஏனோ அதை அளவுகோலாக்கிக்கொள்கிறோம். உங்கள் ஊர்ப் பெருமானிடமே சண்டைக்குப் போன சுந்தரர், அடியார்களை ‘மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தால் மிக வாடி ஆளாய் இருக்கும் அடியார்’ என்று குறிப்பிடுகிறார். மேலே சுடர்விட்டு எரியாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருப்பதையும் அவர் அடிமைத்திறத்தில்தான் சேர்த்திருக்கிறார். பக்கத்தில் நிற்பவருக்கு அந்தத் தீ தெரியாது, சில நேரங்களில் உரியவருக்கே தெரியாது.

ஆனால் இந்த ஆறுதலோடு உங்களை அனுப்பிவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் உங்கள் கடிதத்தில் வேறொரு செய்தியும் இருக்கிறது. பூஜையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எந்த நேரத்தில் எந்தப் பதிகம், எத்தனை முறை, எந்தப் பூ என்றெல்லாம் இருக்கிறது. இறைவனிடம் நீங்கள் பேசிய ஒரு சொல்லும் அதில் இல்லை.

அப்பரைச் சுண்ணாம்பு நீற்றறையில் அடைத்தபோது அவர் பாடியதாகப் பெரியபுராணம் சொல்லும் ‘மாசில் வீணையும் மாலை மதியமும்’ பதிகத்தின் கடைசிப் பாட்டு இது:

விறகில் தீயினன் பாலில் படுநெய்போல்
மறைய நின்றுளன் மாமணிச் சோதியான்
உறவுகோல் நட்டு உணர்வு கயிற்றினால்
முறுக வாங்கிக் கடைய முன்நிற்குமே

நம் வீடுகளில் தயிர் கடைந்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாட்டுக்கு உரையே வேண்டியதில்லை. தூணில் வளையம் போட்டு மத்தை நிறுத்தி, கயிற்றின் இரு முனைகளையும் பிடித்து, ஒரு கை இழுக்கும்போது மறு கை விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு கையும் சேர்ந்து இழுத்தால் மத்து நின்றுவிடும். தொடக்கத்தில் சளசளவென்று சத்தம் மட்டும் வரும், நுரை பொங்கும், வெண்ணெய்க்கான அறிகுறியே இருக்காது. மார்கழிக் குளிரில் கொஞ்சம் வெந்நீரும், சித்திரை வெயிலில் குளிர்ந்த நீரும் தெளிப்பார்கள். பிறகு ஒரு நேரத்தில் மத்தின் ஓசை கனத்து மாறும்; அனுபவப்பட்ட பாட்டிமார்கள் பானைக்குள் பார்க்காமலேயே ‘திரண்டுவிட்டது’ என்று சொல்லிவிடுவார்கள்.

இந்தப் பாட்டில் அப்பர் நம்மிடம் கேட்பவை இரண்டு. உறவு என்ற மத்து அசையாமல் ஊன்றி நிற்க வேண்டும். உணர்வு என்ற கயிறு ஓயாமல் ஓட வேண்டும். 40 ஆண்டுகளில் நீங்கள் மத்தை மிக ஆழமாக ஊன்றிவிட்டீர்கள். இன்று கண்ணீர் வடிக்கும் பலரிடம் இல்லாத பொருள் அது. அவர்களுடைய கயிறு வேகமாக ஓடுகிறது, மத்து அடுத்த வாரம் வேறு கோயிலில், வேறு சாமியாரிடம் இருக்கும். உங்கள் கயிறோ சுற்றியபடியே கிடக்கிறது என்று நினைக்கிறேன். உதடு பதிகத்தை முடிக்கிறது. மனம் அதற்குள் பால்காரர் கணக்குக்குப் போய்விடுகிறது.

செய்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஓதும் பதிகங்களில் பாதியை நிறுத்திவிடுங்கள். பயப்பட வேண்டாம், கோபித்துக்கொள்ள மாட்டார். ‘கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி’ என்று ஊரே சொல்லும் கமலாலயத்தின் படிக்கட்டில் அந்த நேரத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு அடியிலும் நின்று, அன்றைக்கு உங்கள் வீட்டில் நடந்தது எதுவோ அதை அவரிடம் சொல்லுங்கள். மூட்டுவலியைச் சொல்லலாம். மருமகன் பேசிய பேச்சைச் சொல்லலாம். ‘உம்மிடம் எனக்கு இப்போது ஒன்றுமே தோன்றவில்லை’ என்பதையும் சொல்லலாம்; அதுதான் அவற்றில் மிகவும் உண்மையான பிரார்த்தனையாக இருக்கும். சுந்தரரின் மனைவி பரவையாரின் ஊடலைத் தீர்க்க நள்ளிரவில் உங்கள் ஊர்த் தெருவில் இரண்டு முறை தூது நடந்தவர் என்று பெரியபுராணம் யாரைச் சொல்கிறதோ, அவரிடம் குடும்ப விஷயம் பேசுவது மரியாதைக் குறைவாகாது. அப்பர் தொண்டராகவும், சம்பந்தர் பிள்ளையாகவும், சுந்தரர் தோழராகவும் பழகியதாகச் சைவ மரபு வகுத்துவைத்திருக்கிறது. நீங்கள் இத்தனை காலமும் அலுவலகத்துக்குச் சரியான நேரத்துக்கு வந்துபோகும் ஊழியராகவே பழகிவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. உத்தியோகப் பழக்கம் எளிதில் போகாதுதான்.

வாசகர், நாகப்பட்டினம்

கேள்வி: ஆண்டுதோறும் காவி உடுத்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவன் நான். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது நேர்ந்துகொண்டதில் தொடங்கியது. ஒன்று வேண்டும் என்றால்தான் எனக்கு மாதாவின் நினைவு வருகிறது. இதை அன்பு என்று சொல்ல முடியுமா, அல்லது வெறும் கொடுக்கல் வாங்கலா?

பதில்: கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத குண்டையூரில் சுந்தரருக்கு நெல் மலையாகக் கிடைத்தது. திருவாரூருக்குக் கொண்டுபோக ஆள் கிடைக்கவில்லை. அருகிலுள்ள திருக்கோளிலிக்குப் போய், ‘குண்டையூர்ச் சில நெல்லுப் பெற்றேன், ஆளிலை எம்பெருமான், அவை அட்டித் தரப் பணியே’ என்று பாடினார். அறுவடைக் காலத்தில் ஆள் கிடைக்காத டெல்டாவின் குறை அன்றைக்கே தேவாரத்தில் ஏறிவிட்டது! வீட்டிலிருக்கும் மனைவி வாடி வருந்தக் கூடாது என்பதையும் அதே பாட்டில் ஒளிக்காமல் சேர்த்துவிடுகிறார். அவர் நெல் கேட்டதால் தோழமை கெட்டுப்போகவில்லை.

கேட்டது கிடைத்த மறுநாள் என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. லூக்கா நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தில் தொழுநோயாளர் பத்துப் பேர் குணமடைகிறார்கள். திரும்பி வந்து நன்றி சொன்னவர் ஒருவர்தான், அவரும் சமாரியர், அதாவது யூதர்கள் அந்நியராகக் கருதியவர். மற்ற ஒன்பது பேரும் கெட்டவர்கள் என்று நற்செய்தி சொல்லவில்லை. அவர்களிடம் இருந்தது தேவை; அது தீர்ந்தது, போய்விட்டார்கள். நோய் தீர்ந்த மகளின் தகப்பன் இத்தனை ஆண்டுகள் கழித்தும் தார்ச்சாலையில் நடந்துகொண்டிருக்கிறார் என்றால், அவர் அந்த ஒன்பது பேரில் ஒருவர் இல்லை.

அடுத்த முறை ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கோ செப்டம்பர் 8 திருவிழாவுக்கோ நடக்கும்போது, எந்த வேண்டுதலும் வைக்காமல் நடந்து பாருங்கள். வழியில் நாக்கு தானாக ஏதாவது கேட்கத் தொடங்கும். கேட்கட்டும், நீங்கள் மீண்டும் நடையில் கவனம் வையுங்கள். பஸ்ராவில் வாழ்ந்த ராபியா அம்மையார், ‘நரகத்துக்கு அஞ்சி உன்னை வணங்கினால் என்னை அதில் எரித்துவிடு, சொர்க்கத்துக்கு ஆசைப்பட்டு வணங்கினால் அதை எனக்கு அடைத்துவிடு’ என்ற பொருளில் வேண்டியதாகச் சூஃபி மரபு போற்றுகிறது. அது மிக உயர்ந்த படி. நம்மைப் போன்றவர்கள் வழித்துணைக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர, அந்த அளவை எட்டவில்லை என்று நம்மையே அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் நடுவில் இருக்கும் ஊர்க்காரரிடம் இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்துப் பேசலாம் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

இசை மாணவி, திருவையாறு

கேள்வி: தியாகராஜ ஆராதனையில் பஞ்சரத்தினம் பாட வரும் பலருக்குத் தாளமும் ராகமும்தான் உயிர், ராமன் இரண்டாம்பட்சம். கலைப்பித்து பக்திக்குத் தடையா?

பதில்: தடையாகவும் ஆகலாம், ஏணியாகவும் ஆகலாம். தஞ்சை அரண்மனை அழைப்பை மறுத்த சமயத்தில் தியாகராஜர் ‘நிதி சால சுகமா’ என்று கல்யாணியில் பாடியதாகச் சொல்வார்கள். செல்வம் சுகமா, ராமனின் சன்னிதி சுகமா என்பது அதன் கேள்வி. அந்தக் கேள்வியில் செல்வம் இருக்கும் இடத்தில் கைத்தட்டலை வைத்துப் பாடிப் பாருங்கள், உங்களுக்கான பதில் கிடைத்துவிடும்.

பெங்களூர் நாகரத்தினம்மாளை (1878–1952) இந்த நேரத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெரும் புகழோடு மேடையில் பாடிச் சம்பாதித்தவர். தியாகராஜரின் சமாதி காவிரிக் கரையில் கவனிப்பாரற்றுக் கிடப்பதை அறிந்து, தம் செல்வத்தைச் செலவிட்டு அங்கே கோயில் எழுப்பினார். பெண்களை ஆராதனையில் பாட விடாத காலத்தில், பெண்களைத் திரட்டிப் பாட வைத்தார். அவரிடம் சங்கீதப் பித்து எங்கே முடிந்தது, பக்தி எங்கே தொடங்கியது என்று கோடு போடச் சொன்னால் என்னால் முடியாது. உங்களுக்கும் இப்போதே அந்தக் கோடு தேவையில்லை. சுருதி சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இருபது வயதில் அது போதும்.

மருமகள், மயிலாடுதுறை

கேள்வி: என் மாமியார் விடியற்காலையில் விஷ்ணு சகஸ்ரநாமம், காலையில் பஜனை, மாலையில் உபன்யாசம் என்று இருக்கிறார். பக்தியில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அக்கம்பக்கம் சொல்கிறது. ஆனால் வேலைக்கு வரும் அம்மாளுக்குத் தனி டம்ளர். பழைய சோறு கொடுப்பதற்குக்கூட முணுமுணுப்பு. எனக்குச் சாமியின் மேலேயே வெறுப்பு வந்துவிடுகிறது.

பதில்: வெறுப்பை உரியவரிடமே நிறுத்துங்கள், சுவாமி வரை கொண்டுபோக வேண்டாம். பஜனை சம்பிரதாயத்தை வளர்த்த பெரியவர்களில் ஒருவரான ஸ்ரீதர அய்யாவாள் உங்கள் ஊருக்கு மேற்கே திருவிசநல்லூரில் வாழ்ந்தவர். தகப்பனார் சிராத்தத்துக்குச் சமைத்துவைத்த உணவை, பசியோடு வாசலில் நின்ற, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார். வைதிகர்கள் கோபித்துக்கொண்டு, கங்கையில் நீராடிவிட்டு வந்தால்தான் உண்டு என்றார்கள். அவர் கங்காஷ்டகம் பாட, வீட்டுக் கிணற்றிலேயே கங்கை பொங்கியதாக வரலாறு. இன்றும் கார்த்திகை அமாவாசையன்று அந்தக் கிணற்று நீரில் குளிக்க ஊர் திரள்கிறது; உங்கள் மாமியாரும் ஒருமுறையாவது போய்வந்திருப்பார். எதற்காக அங்கே கங்கை வந்தது என்று அவரிடம் நீங்கள் கேட்டால் சண்டை வரும். உங்கள் பிள்ளைகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பாட்டி பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லத்தான் வேண்டியிருக்கும், சொல்லும்போது தம் வாயாலேயே அந்தப் பசித்தவர் வரும் இடத்தைச் சொல்லியாக வேண்டும்.

திருவாவடுதுறையில் இருந்து பாடிய திருமூலர் இதில் இன்னும் கறாரானவர். நடமாடும் கோயிலாகிய மனிதருக்குக் கொடுத்தால் அது படமாடும் கோயிலில் உள்ள பகவானுக்குச் சேரும்; பகவானுக்கு மட்டும் கொடுத்தால் அது மனிதருக்குச் சேராது என்கிறார். டம்ளர் விஷயத்தை உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாளுக்கு உங்கள் டம்ளரில் நீங்களே காபி கொடுங்கள், மாமியார் பார்க்கும்படியாகவே.

கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

கேள்வி: பதில் பேசாத ஒருவரோடு ‘உறவு’ என்பது, மனிதன் தனக்குத்தானே பேசிக்கொள்வதற்கு வைத்த அழகான பெயர்தானே?

பதில்: சுந்தரர் நெல்லுக்காகப் பாடிய திருக்கோளிலி இன்றைய திருக்குவளை. 1924இல் கலைஞர் கருணாநிதி பிறந்ததும் அதே ஊர்தான். பதிகமும் பகுத்தறிவும் ஒரே மண்ணில் விளைந்த பகுதி இது; ஆகவே உங்கள் கேள்வி இங்கே யாருக்கும் அதிர்ச்சி தராது.

அந்த உறவு உண்டு என்று உங்களுக்கு நிரூபித்துக் காட்ட என்னிடம் வழியில்லை. ஆனால், பதில் வராத குறையைக் கண்டுபிடித்தவர்கள் நாத்திகர்கள் அல்லர். பார்வையை இழந்து, ஒரு கண்ணில் மட்டும் அது திரும்பிய நிலையில் திருவாரூர் வந்த சுந்தரர், அடியார்கள் தங்கள் அல்லலைச் சொன்னால் ‘வாளாங்கு இருப்பீர் திருவாரூரீர், வாழ்ந்து போதீரே’ என்று முகத்துக்கு நேராகக் கேட்கிறார். ‘பேசாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறீரே, நன்றாக இரும்’ என்று இன்றைய பேச்சில் சொல்லலாம். அப்பரின் முதல் பாட்டும் சூலை நோயை விலக்கவில்லையே என்ற முறையீட்டில்தான் தொடங்குகிறது. இந்த மௌனத்தை நன்றாக அறிந்தவர்கள்தாம் அதன் எதிரில் விடாமல் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. தனக்குத்தானே பேசிக்கொள்பவனுக்குப் பொதுவாக அவன் விரும்பும் பதிலே கிடைக்கும். திருவொற்றியூரில் மணந்த சங்கிலியாரைப் பிரியேன் என்று கொடுத்த வாக்கை மீறியதற்குச் சுந்தரருக்குக் கிடைத்ததோ பார்வையிழப்பு. விரும்பாத பதிலைப் பெற்று, அதன் பிறகும் விலகிப் போகாதவர்களின் பாடல்கள் இந்தக் கரைகளில் கோயிலுக்குக் கோயில் இருக்கின்றன. இது நிரூபணம் ஆகாது என்று நீங்கள் சொல்லலாம், ஆகாதுதான். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவர் பாடல்களைப் பக்தி இலக்கியம் என்ற தேர்வுப் பாடமாகப் படிக்காமல், ஒருவர் இன்னொருவரோடு போட்ட சண்டையாக ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள்.

விவசாயி, திருத்துறைப்பூண்டி

கேள்வி: மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்றால் எனக்குத் தூக்கம் கிடையாது. வயலும் விதையும்தான் என் பைத்தியம். கோயிலுக்குப் போவது பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் மட்டும். இது குற்றமா?

பதில்: குற்றமில்லை. இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, பிறரிடம் ஓர் இன்சொல். இவை எல்லாருக்கும் முடியும் என்கிறது திருமந்திரம். இவற்றில் மூன்றை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள். 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் தேடி மீட்டு, விதையைப் பிறர் கைக்குக் கொடுத்துப் பெருகச் செய்த நெல் ஜெயராமன் உங்கள் பக்கத்துக்காரர்தான். பச்சிலை மட்டும் பாக்கி. வரப்பிலேயே வில்வமோ துளசியோ இருக்கும்.

ஜவுளிக் கடைக்காரர், கும்பகோணம்

கேள்வி: வயது 51. ஆன்மிகத்தில் மிகுந்த ஆர்வம் உண்டு, நேரம்தான் இல்லை. மகள் கல்யாணம் முடிந்ததும், கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு முழுமையாக இறங்கலாம் என்றிருக்கிறேன். நந்தனாரே ‘நாளைப் போவேன்’ என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தார்?

பதில்: நந்தனாரை இந்த வழக்குக்குச் சாட்சியாக அழைக்காதீர்கள், அவர் உங்களுக்கு எதிராகத்தான் சொல்வார்.

கொள்ளிடத்தை ஒட்டிய மேற்காநாட்டு ஆதனூரில் வாழ்ந்த அவர், கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூஜைக்குக் கோரோசனையும் கொடுத்துவந்ததாகச் சேக்கிழார் சொல்கிறார். அவர் கொடுத்த தோல் கருவறை வரை ஒலித்தது. அவர் மட்டும் வாசலுக்கு வெளியே நின்றார். திருப்புன்கூரில் நந்தி விலகிக் காட்சி கிடைத்தது, அங்கே ஒரு குளமும் வெட்டினார். பிறகு தில்லைக்குப் போகும் ஆசை எழுந்து தூக்கமின்றிக் கிடப்பார். தம் குலத்தை நினைத்து, ‘உள்ளே விடமாட்டார்களே’ என்று அடங்குவார். மறுபடியும் ஆசை எழும், ‘நாளைப் போவேன்’ என்பார். அவர் நாளை, நாளை என்று தள்ளியதற்குக் காரணம் சோம்பல் அன்று; பிறர் போட்ட தாழ்ப்பாள். போக விடாமல் வேலை ஏவும் ஆண்டையைப் பெரியபுராணத்தில் தேடினால் கிடைக்க மாட்டார். அவர் 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளில் வந்து சேர்ந்தவர். நம் பக்கத்துப் பண்ணைகளைக் கண்ணால் பார்த்தவர் பாரதியார். கற்பனைக்குச் சிரமப்பட்டிருக்க மாட்டார். கடைசியில் நந்தனார் தில்லை எல்லைக்குப் போயும், தீக்குள் இறங்கி எழுந்த பிறகுதான் உள்ளே நுழைய முடிந்தது என்று கதை முடிகிறது. அதைக் கேட்டுக் கைகூப்பும் நாம், தீ எதற்கு என்றும் கேட்டிருக்க வேண்டும்.

உங்களுக்கு யார் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள்? பெரிய கடைத்தெருவிலிருந்து சார்ங்கபாணி கோயிலுக்கு நடந்தே போகலாம். அந்தப் பெருமாளை நம்மாழ்வார் பாடிய, ‘ஆராவமுதே’ என்று தொடங்கும் பாசுரங்களை யாரோ பாடக் கேட்டு, மீதி எங்கே என்று தேடிப் புறப்பட்டவர் வைணவ ஆசாரியர் நாதமுனிகள். ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களும் நமக்குத் திரும்பக் கிடைத்தது அந்தத் தேடலில்தான். காதில் விழுந்த சில பாட்டுக்காக ஊர் ஊராக அலைந்தவரின் ஆர்வத்தையும், 51 வயதில் இன்னும் தேதி குறிக்காத ஆர்வத்தையும் ஒரே பெயரால் அழைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. வியாபாரி என்பதால் கடுமையைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

கடையையும் கல்யாணத்தையும் விட வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் முதல் பத்திரிகையை ஆராவமுதன் திருவடியில் வைக்கப் போவீர்கள் அல்லவா? அதற்கு முன்பே ஒருநாள், கையில் பத்திரிகையோ அர்ச்சனைத் தட்டோ இல்லாமல், கடை திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னதாக வெறுங்கையோடு போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.